நானூற்று மூன்றில் நூற்றைம்பத்தெட்டு: திருகோணமலையில் நாலு நாள்

செவ்வாய், இரவு

காலை பத்தரை மணி பஸ்ஸில் மட்டக்களப்பிலிருந்து ஏறினேன். மடியில் ஒரு பை. உள்ளே பிளாட்டிக்னம் பேனை இரண்டு பெட்டி, கத்தரிக்கோல், ரப்பர் வளையம் ஒரு பக்கெட். செயலமர்வில் எழுதிச் சுவரில் ஒட்டும் பெரிய தாள், டெமி தாள், அது மட்டும் இல்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்கு: நான் கணித பாட ஆசிரிய ஆலோசகர். ஆசிரியர்களுக்குச் செயலமர்வு வைப்பதும், பாடசாலைகளுக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்து பாடம் பார்ப்பதும் வேலை. நான் உள்ளே நுழைந்தால் ரீச்சருக்கு வேர்க்கும், பிள்ளைகள் கை கட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு நடக்கும் பாடம் எனக்காக நடப்பது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், முன்வரிசைப் பிள்ளைக்கும் தெரியும்.

வாகரை தாண்டி வெருகல் வரைக்கும் பக்கத்தில் இருந்தவர் மூதூர்க்காரர், வயதானவர். "என்ன விசயமாப் போறீங்க?" என்றார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றேன். "சாப்பாடு குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், "எண்ட மருமகளும் ரீச்சர்தான். லீவு நாள்ல பயிற்சி எண்டு கூப்பிட்டா எங்கட வீட்ல சமையல் இல்ல" என்றார். மாகாணம் முழுக்க ஒரு கருத்துக்கணிப்பு வைத்தாலும் இதைவிடத் தெளிவாக வராது.

இந்த ஏ15 வீதியில் முன்பு ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்கிப் பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் ரோட்டு என்று நினைக்க வேண்டாம். ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்குக் கிழக்கில் அதுதான் பெயர். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை கரையில் கச்சான் கொறிக்கலாம். கிண்ணியாப் பாலத்தை 2009இல் திறந்தார்கள், 396 மீற்றர். இன்று பஸ் அதைக் கடக்கும்போது ஒருவரும் தலை நிமிரவில்லை, எல்லோரும் போனில்.

சரி, டெமி தாள் கதை. 2007இல் தரம் 6க்கும் 10க்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. தேர்ச்சி மையக் கல்வி, அதாவது பிள்ளை எதைச் செய்யப் பழகுகிறது என்பதை மையமாக வைப்பது. அதற்கு 5ஈ முறை: ஆங்கிலத்தில் 'ஈ'யில் தொடங்கும் ஐந்து படிகளில் பாடம் நடத்துவது, முதற்படி 'ஈடுபடல்'. மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் ஒரு கூட்டத்துக்குச் சொன்னார்கள், அது மாகாணத்துக்கு வந்தது, மாகாணம் வலயத்துக்குச் சொன்னது, வலயத்தில் நான் ஆசிரியர்களுக்குச் சொன்னேன். நாலு வாய் மாறி வந்த செய்தி எப்படி இருக்கும்? ஆனாலும் நான் புதிது, உற்சாகம். குழு குழுவாகப் பிரித்து, டெமி தாளில் எழுத வைத்து, சுவரெல்லாம் ஒட்டி, படமும் எடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு பாடசாலைக்குப் போனபோது அந்தத் தாளில் ஒன்றைப் பார்த்தேன். அலுமாரித் தட்டில் விரித்து அதன்மேல் சோக்குப் பெட்டி வைத்திருந்தார்கள். 'ஈடுபடல்' என்ற சொல் மட்டும் பெட்டிக்கு வெளியே தெரிந்தது. ரீச்சர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாளுக்கு அவருடைய வகுப்பில் வேறு என்ன வேலை இருந்தது?

உவர்மலையில் சின்னம்மா வீட்டில் தங்கல். அவரும் ஓய்வுபெற்ற ரீச்சர்தான், எழுபத்தெட்டு வயது. புட்டும் பாரை மீன் குழம்பும். நாளைய ஏற்பாட்டைப் பற்றி அவர் தந்த ஒரே ஆலோசனை: "பன்னிரண்டரைக்குச் சரியாச் சாப்பாட்டுக்கு விட்டுடு மகள். அது ஒண்டுதான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

புதன்

எட்டரைக்குத் தொடங்க வேண்டியது ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கியது. மண்டபத்தில் முப்பத்தொரு பேர். வரவேற்புரைக்கு என்று ஏற்பாட்டாளர்கள் தயாரித்திருந்த காட்சிப்படம் பாமினி எழுத்துருவில் இருந்தது, கணினியில் பாமினி இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு தம்பி ஓடி ஓடித் திருத்தப் பார்த்தார். நான் புரொஜெக்டரை நிறுத்தச் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகுதான் ஆட்கள் நிமிர்ந்து இருந்தார்கள்.

முதலில் ஒரே ஒரு கேள்வி. "இந்த வாரம் உங்களுக்கு விளங்காமல் போன ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்." கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கும் ஒரு சேர் எழும்பினார். "மிஸ், குறை நினைக்க வேண்டாம். நான் போகாத செயலமர்வு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைல் தருவார்கள். வீட்டில் ஃபைலுக்கென்றே ஒரு றாக்கை இருக்கிறது. 2014இல் வந்த ஆசிரியர் சேவை விதிகளுக்கு, அந்தப் பிரமாணக் குறிப்புக்கு, பிறகு தர உயர்வுக்குப் பயிற்சி மொடியூலும் செய்தோம், கையெழுத்தும் வைத்தோம். இவ்வளவு காலத்தில் என் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை." சொல்லிவிட்டு இருந்துவிட்டார். பிள்ளையைப் பற்றி அவரும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து ஒரு இளம் ரீச்சர். "நான் அரசறிவியல் பட்டதாரி, மிஸ். கணித ஆசிரியர் இல்லாததால் தரம் 6 கணிதம் என்னிடம் வந்தது. என் வகுப்பில் விளங்காத பிள்ளை நான்தான்." மண்டபமே சிரித்தது, அவரும் சிரித்தார். நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். இவருக்கும் அந்தச் சேருக்கும் ஒரே நாள், ஒரே மண்டபம், ஒரே ஃபைல். பசித்தவனுக்கும் வயிறு நிறைந்தவனுக்கும் ஒரே பந்தி போட்டால் ஒருவர் கொட்டுவார், ஒருவர் பட்டினி கிடப்பார்.

போன வாரமே வட்ஸ்அப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தேன். 403 − 158. தரம் 6 பிள்ளைகளிடம் கொடுங்கள், சரி பிழை போடாமல் அப்படியே கொண்டு வாருங்கள் என்று. பன்னிரண்டு பேர் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் இதை உண்மையிலேயே கேட்பார்கள் என்று நினைக்கவில்லையாம். நியாயம்தான், இதுவரை யாரும் கேட்டதில்லையே.

சரியான விடை 245. சரியாகச் செய்தவற்றை ஒதுக்கிவிட்டு, பிழையானவற்றை மட்டும் மேசையில் பரப்பினோம். "ஒரே மாதிரிப் பிழைத்தவற்றை ஒரே குவியலில் போடுங்கள்" என்றேன். முதல் ஐந்து நிமிடம் "கவனயீனம்", "ஆரம்பப் பிரிவில் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை" என்ற வழக்கமான பேச்சு. அப்புறம் பேச்சு நின்றது.

முதற் குவியல் 355. மூன்றில் எட்டுப் போகாது, அதனால் எட்டில் மூன்றைக் கழித்து 5. பூச்சியத்தில் ஐந்து போகாது, ஐந்தில் பூச்சியம் 5. நாலில் ஒன்று போக 3. இந்தப் பிள்ளைக்கு மேல் கீழ் என்று ஒன்றில்லை, பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பதுதான் கழித்தல்.

இரண்டாவது 345. பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியும். பூச்சியத்தை வெட்டி 9 போட்டு, மூன்றைப் பதின்மூன்று ஆக்கியிருக்கிறது. ஆனால் பூச்சியத்துக்கு அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது? நாலைத் தொடவே இல்லை. கடன் கொடுத்தவனின் கணக்கில் ஒன்றும் குறையவில்லை.

மூன்றாவது 255. இங்கே நாலு மூன்றாகியிருக்கிறது, பூச்சியம் பத்தாகியிருக்கிறது, மூன்று பதின்மூன்றாகியிருக்கிறது. அந்தப் பத்திலிருந்து ஒன்று போனதை மட்டும் மறந்துவிட்டது. பத்தில் ஐந்து போக 5.

அரசறிவியல் ரீச்சர் இரண்டாவது குவியலையும் மூன்றாவதையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார். "மிஸ், இது ரெண்டுக்கும் நான் ஒரே சிவப்புக் கோடுதான் போட்டிருப்பன்." ஃபைல் சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதற் குவியலை எண்ணினார். தன் வகுப்புத் தாள்கள் அதில்தான் அதிகம். பிறகு யாரிடமும் சொல்லாமல் அவற்றைத் தனியே எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவருக்கு இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. நான் கொடுத்ததாக அவர் நினைக்கமாட்டார், நினைக்கவும் வேண்டாம்.

பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சல். சின்னம்மா சொன்னது பலித்தது, ஒரு நிமிடம் தாமதமில்லை. ஆனால் நாலைந்து பேர் பார்சலோடு குவியலடிக்கே வந்துவிட்டார்கள். ஒரு தாளில் பருப்புக் கறி பட்டுவிட்டது.

பின்னேரம் படிவம் நிரப்பினார்கள். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. அலுமாரித் தாள் வருடத்திலும் ஐந்துக்கு ஐந்துதான் கிடைத்தது. அதனால் நான் அதைப் பார்ப்பதில்லை.

இரவு: சந்தையில் ஒரு ஈர்க்குமாறு வாங்கி வந்து, சின்னம்மாவும் நானும் விறாந்தையில் இருந்து ஒடித்தோம். பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டை ஒன்றாகக் கட்டினால் நூறு. நாலு நூறு வேண்டும். "புது விளக்குமாத்த ஒடிக்கிறதுக்கு அரசாங்கம் சம்பளம் தருது" என்று சின்னம்மா முறுமுறுத்தாலும் கை நிற்கவில்லை. அவர் பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் படித்தவர். அங்கே என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அங்க படிச்சது ஞாபகமில்ல மகள். நான் படிச்சது அரைச்சுவராலதான்."

எங்கள் நாட்டுப் பழைய பாடசாலைக் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். நீளமான ஒரு மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் இடுப்பளவுச் சுவர், சில இடங்களில் அதுவும் இல்லை. பக்கத்து வகுப்புப் பெரிய ரீச்சர் பின்னம் படிப்பிக்கும்போது சின்னம்மா தன் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாராம். பிள்ளை பிழைத்தால் அந்த ரீச்சர் "எப்படி வந்தது, சொல்லு பார்ப்பம்" என்பாராம், ஒரு நாளும் "பிழை" என்று சொன்னதில்லையாம். "ரெண்டு வருசம் கேட்டன். பிறகு என்ட வாயிலயும் அதுதான் வந்தது." இப்போது கட்டும் மாடிக் கட்டடங்களில் முழுச் சுவர். இரைச்சல் இல்லை, நல்லதுதான்.

வியாழன்

நிலாவெளிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை. சாம்பல்தீவுப் பாலம் தாண்டி ஓட்டோவில் போனோம், மடியில் நாலு நூறு ஈர்க்கு. கூட வந்தவர்கள் நாலு பேர்: ஃபைல் சேர், அரசறிவியல் ரீச்சர், கிண்ணியாவிலிருந்து ஒரு மிஸ், அந்தப் பாடசாலையின் கணித ரீச்சர். அதிபர் கடமை லீவு விஷயத்தில் கொஞ்சம் இழுத்தார். ஒரு பாடவேளைக்கு நாலு பாடசாலையின் ஆட்கள் எதற்கு என்பது அவர் கேள்வி. ஜப்பானில் ஆசிரியர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். ஜுக்யோ கென்க்யூ, பாட ஆய்வு. சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் படிப்பிப்பார், மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பார்கள், பிறகு இருந்து பேசித் திருத்துவார்கள். ஜப்பான் என்றதும் அதிபர் கதிரை எடுத்துப் போடச் சொன்னார். இது ஒரு வருத்தமான உண்மை.

பாடத்தை நான்தான் எடுத்தேன். பதினெட்டு வருடமாகக் கடைசி வாங்கில் இருந்தவள், கரும்பலகைக்கு முன்னால் நின்றதும் கை குளிர்ந்துவிட்டது. பதினேழு பிள்ளைகள். பாயை விரித்து நாலு நூற்றுக் கட்டு, மூன்று தனி ஈர்க்கு வைத்தேன். "இதிலிருந்து எனக்கு நூற்றைம்பத்தெட்டு வேண்டும்." ஒரு பொடியன் சத்தமாகவே சொன்னான்: "மிஸ், இது தரம் ரெண்டு விளையாட்டு." சிரிப்பு. நான் எதிர்பார்த்தது இதுதான்: ஒரு நூற்றுக் கட்டை அவிழ்ப்பார்கள், பத்துப் பத்துக் கட்டு வெளியே வரும், அதில் ஒன்றை அவிழ்ப்பார்கள், பூச்சியத்துக்கு ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கண்ணால் காண்பார்கள். அந்தப் பொடியன் வந்தான், ஒரு நூற்றுக் கட்டை முழுக்கத் தூக்கி என்னிடம் தந்தான். இன்னொன்றின் எல்லா வளையத்தையும் கழற்றிக் கொட்டி, ஐம்பத்தெட்டை ஒன்றொன்றாக எண்ணித் தந்தான். சரிதான். என் பத்துக் கட்டு முழுக்க நாசம். அவனிடம் என்ன கேட்பது என்று எனக்கு ஓடவில்லை. "நல்லது, இரு" என்றுவிட்டு, நான் திட்டமிட்டிருந்ததை நானே செய்து காட்டினேன். செய்யக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்வது எதுவோ அதை.

மணி அடித்த பிறகு வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருந்தோம். ஒரே ஒரு விதி: என்னைப் பற்றி ஒருவரும் பேசக் கூடாது, தான் பார்த்த பிள்ளையைப் பற்றி மட்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள், செயலமர்வில் கேட்டுவிட்டுப் போவதில் மிகக் கொஞ்சம்தான் வகுப்புக்குள் நுழையும் என்று. செய்து காட்டி, செய்ய வைத்து, பிறகு வகுப்பிலும் துணைக்கு ஒருவர் இருந்தால்தான் தங்கும். 1996இல் அதே இருவர் இன்னொரு படி போனார்கள். ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கும்போது குறைநிறை சொல்லும் சடங்கையே எடுத்துவிட்டார்கள். படிப்பிப்பவர் பயிற்றுநர், பார்ப்பவர் பயில்பவர். நாங்கள் இங்கே இன்றைக்கும் நேர்மாறாக, பார்ப்பவர் கையில் படிவத்தைக் கொடுத்து அனுப்புகிறோம்.

கிண்ணியா மிஸ்தான் முதலில் வாய் திறந்தார். கடைசி வாங்கில் சுவரோரமாக ஒரு பிள்ளை. ஈர்க்கைப் பார்க்கவே இல்லையாம். கொப்பி ஓரத்தில் 2, அதன்கீழ் 40, அதன்கீழ் 203 என்று எழுதிக் கூட்டி 245 போட்டுவிட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்ததாம். "எனக்கு ஒண்டும் விளங்கல்ல மிஸ். குனிஞ்சு கேட்டன். 'மிச்சக் காசு குடுக்கிற மாதிரி' எண்டாள்." அந்தப் பாடசாலை ரீச்சர் நெற்றியில் கை வைத்தார். பிள்ளையின் தாய்க்கு வீதியோரம் மீன் கடை, பின்னேரங்களில் மிச்சம் கொடுப்பது இவள்தான். 158க்கு இரண்டு சேர்த்தால் 160, நாற்பது சேர்த்தால் 200, இருநூற்று மூன்று சேர்த்தால் 403. கடன் இல்லை, வெட்டு இல்லை. பரீட்சைத் தாளில் 'செய்கை இல்லை' என்று இவளுக்குப் புள்ளி வெட்டியிருந்தார்களாம்.

நான் முன்னால் நின்ற நாற்பது நிமிடமும் அவளைக் காணவில்லை.

பிறகு ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை. மிச்சக்காசு முறையை முதலில் எடுத்துவிட்டுக் கடனுக்குப் போகலாமா, ஈர்க்குப் பதிலாகத் தாள் காசு வைக்கலாமா, நூறு ரூபாயை மாற்றினால் பத்து ரூபாய் பத்து வரும், அதைத் தரம் இரண்டு விளையாட்டு என்று எவனும் சொல்லமாட்டான். கடைசியாகச் சொன்னது ஃபைல் சேர். அடுத்த பாடத்தைத் தன் பாடசாலையில் தானே எடுப்பதாகவும் அவரே சொன்னார். திகதி இன்னும் குறிக்கவில்லை, ஆனபடியால் நான் அதிகம் சந்தோஷப்படவில்லை.

அதிபர் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை நீட்டினார். 'ஆலோசகர் பாடம் நடத்தினார். ஆசிரியர்கள் மாணவரை அவதானித்தனர்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார்.

நிலாவெளிக் கடலில் கால் நனைத்தோம். வெள்ளை மணல், தூரத்தில் புறாத்தீவு. அதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று.

வெள்ளி

விடியவே கோணேசர் கோயில். கோட்டை வாசலால் ஏறும்போது புள்ளிமான்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. பிளாஸ்டிக் பை மெல்லும் ஒரு கிடாய்மானிடம் சின்னம்மா வாழைப்பழம் பண்டமாற்றுச் செய்ய முயன்று தோற்றார். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில், இடித்த கல்லைக் கொண்டே கட்டிய கோட்டை என்பார்கள். இப்போது கோட்டைக்குள்ளால்தான் கோயிலுக்குப் போக வேண்டும்.

சம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியது இங்கே வந்து பார்த்து அல்ல, அக்கரையில் இராமேஸ்வரத்தில் நின்றபடி என்பது மரபு. வராமலே இவ்வளவு அழகாகப் பாட அவருக்கு ஞானப்பால் இருந்தது. மகரகமவில் இருந்து நிலாவெளிக்குப் பாடம் எழுதுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. எனக்கும் இல்லை. கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை, ஏழு கிணறும் அடுத்த முறைக்கு.

பதினொரு மணி பஸ். சின்னம்மா மிச்ச ஈர்க்கைத் திரும்பக் கட்டி விளக்குமாறு ஆக்கப் போகிறாராம், அரை முழ நீளத்தில்.

கிளிவெட்டிக்குக் கிட்ட போன் அதிர்ந்தது. அரசறிவியல் ரீச்சர். ஒரு கொப்பிப் பக்கத்தின் படம். 500 − 236 = 300. கீழே, "மிஸ், இது எந்தக் குவியல்?"

பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டு இல்லை, ஒன்பது இல்லை. பெரியதில் சின்னதைக் கழித்திருந்தால் 336 வந்திருக்கும். கடன் கொடுத்தவனை மறந்திருந்தால் 364. பத்தில் ஒன்றை மறந்திருந்தால் 274. இது ஒன்றிலும் சேராது. பிள்ளையிடம் கேட்டீர்களா என்று எழுதினேன். பஸ் சேருநுவர தாண்டியது, சிக்னல் போனது. வெருகல் பாலத்தில் திரும்ப வந்தது, கூடவே ஒரு குரல் பதிவு. பின்னால் இடைவேளைச் சத்தம், யாரோ பந்தடிக்கிறார்கள்.

"கேட்டன் மிஸ். 'சைபர்ல ஒண்டுமே இல்லையே ரீச்சர், பிறகு அதுக்குள்ளால என்னத்த எடுக்கிற? ஒண்டுமில்லாததுதான் மிஞ்சும்' எண்டு சொல்றான். நான் என்ன மிஸ் சொல்ல?"

நாலாவது குவியல் என்று எழுதி அனுப்பினேன். பிறகு, அவனைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கட்டும் என்றும்.